பாயோடு ஒட்டவைத்த ஊரில் அறை இல்லையாம்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து பொத்துவில் அறுகம்பை வரை, இலங்கையின் கிழக்குக் கரையோரமாக விருந்தினர் விடுதி நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைப் பெயரால் தெரியாது, எழுத்தால் தெரியும். நான் போர்ட் எழுதுகிறவன். 1989இல் மாமாவுக்கு ஏணி பிடிக்கப் போனேன். அவருக்குக் கண் மங்கிய பிறகு பிரஷ் என் கைக்கு வந்தது. பலசரக்குக் கடை, பல் வைத்தியர், டியூஷன் வகுப்பு, சவப்பெட்டிக் கடை என்று நான் எழுதாத போர்ட் இல்லை. இப்போது எல்லாம் டிஜிட்டல் பெனர். இரண்டு வருஷத்தில் வெயில் அதைக் குடித்துவிடும், ஆனாலும் மலிவு, யாரைக் குற்றம் சொல்வது? வேலை குறைந்ததால் இருந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. தகரத்தில் ஒன்பது எழுத்து, பத்து எழுத்து எழுதிப் பழகியவன் தாளில் இவ்வளவு நீளம் எழுதுவது இதுதான் முதல் தடவை. வளவளவென்று போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடியில் நானும் மனைவியும் உகந்தை முருகன் கோயிலுக்குப் போனோம். தீர்த்தம் முடிந்து பொத்துவிலுக்கு வந்து சேரும்போது இரவு எட்டரை. மட்டக்களப்புக்கு பஸ் இல்லை. அவளுக்கு முழங்கால் வருத்தம், மணலில் நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது. சரி, ஒரு ராத்திரிதானே, அறுகம்பைப் பக்கம் ஓர் அறை எடுப்போம் என்று ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரத் தம்பி இறக்கிவிட்ட இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், பல்பு வெளிச்சத்தில் என் எழுத்து. ‘விருந்தினர்’ என்று எழுதும்போது ‘ரு’வின் வாலைக் கொஞ்சம் நீட்டி, பக்கத்து எழுத்தின் காலுக்குக் கீழே கொண்டுபோய் விடுவேன். மாமா காட்டித் தந்த வேலை அது. 2011இல் எழுதிய பலகை. பதின்மூன்று மாரி பார்த்தும் சிவப்பு மங்கவில்லை. “பாத்தியா, நான் எழுதினது” என்று மனைவிக்குக் காட்டினேன். “முதல்ல உள்ளுக்குப் போங்க, கால் கடுக்குது” என்றாள்.

உள்ளே மேசையில் ஒரு பெடியன் இருந்தான். “வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் அங்கிள்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், அதையும் சொல்ல வேண்டும். “நாங்களும் வெளியூர்தான் மகன், மட்டக்களப்பு” என்றேன். சிரித்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் ஆறு ஆணி, நாலு ஆணியில் திறப்பு தொங்கியது. நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டு, “எல்லாம் புக்கிங் அங்கிள்” என்றான். பிறகு பாவம் என்று நினைத்தானோ என்னவோ, முதலாளிக்குப் போன் போட்டான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “கல்யாண எழுத்து இருக்கா எண்டு கேக்கிறார்” என்றான். கல்யாணப் பதிவுத் தாளைத்தான். எனக்கு 58 வயது, அவளுக்கு 55. “தீர்த்தமாடப் போறவள் கல்யாண எழுத்தையும் முந்தானையில முடிஞ்சுகொண்டா போவாள்?” என்று அவள் கேட்டது, வெளியே நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும் கேட்டது. அந்த முதலாளி யார், எந்த இடம் என்று நான் எழுதப்போவதில்லை. வாசித்தால் அவருக்கே தெரியும்.

கடைசியில் பொத்துவில் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தகரத் துண்டொன்றில் யாரோ விரலால் பூசியது மாதிரி ‘றூமஸ்’ என்று எழுதியிருந்தது. ‘ம’வுக்குப் புள்ளி இல்லை. என்னைப் போன்றவனுக்கு அதைப் பார்ப்பதே ஒரு வருத்தம். ஆனால் அங்கிருந்த நானா (முஸ்லிம் அண்ணரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எங்கள் அடையாள அட்டையை வாங்கி, ஒரு கொப்பியில் நம்பரை எழுதிவிட்டு, ஒரு வாளி, இரண்டு துவாய், நுளம்புத்திரி, வெயிலில் காய்ந்த மணம் போகாத பெட்சீட் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். வாடகை 2,500 ரூபா. விடிய நாலரைக்குக் கதவைத் தட்டி, “பஸ் வரப்போகுது, பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்க” என்றார். பிளேன்ரீக்குக் காசு வாங்கவில்லை. அந்தத் தகரத்தைத் திருத்தி எழுதித் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். “அது கிடக்கட்டும், வாறவங்க வாறாங்கதானே” என்றார்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தது என் பலகையைத்தான். நான் அதில் என்ன எழுதினேன்?

மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம், மூன்று வரி. எங்கள் பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுத்துப் பிழை பார்க்க அவரிடம்தான் காட்டுவேன். அவரிடம் போய், இந்த மூன்று வரிக்கும் சரியான பொருளைச் சொல்லுங்கள் சேர் என்று கேட்டேன். ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னார். சிங்கள வரியில் வருகிற ‘ஆகந்துக’ பாளியிலும் சமஸ்கிருதத்திலும் உள்ள சொல், வந்து சேர்ந்தவர், புதியவர் என்று பொருளாம். தமிழில் இன்றைக்கு விருந்து என்றால் நமக்குச் சோறும் இறைச்சிக் கறியும்தான் ஞாபகம் வரும். பழைய தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியத்தில் புதிதாகச் செய்யும் பாட்டு வகைக்கே விருந்து என்றுதான் பெயராம். அந்தப் புதுமை ஆளுக்கு ஆகி, முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்பவர் விருந்தினர் ஆனார். அவருக்குப் போடுகிற சோறு விருந்தானது அதற்குப் பிறகு. ஆங்கிலத்தில் கெஸ்ட் என்ற சொல்லும், அவருக்கு இடம் கொடுக்கிற ஹோஸ்ட் என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை என்றார் சேர். அந்த வேருக்கு அந்நியர் என்று பொருள். அதே வேரிலிருந்து லத்தீனில் பகைவனுக்கும் ஒரு சொல் வந்திருக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருட்டில் கதவைத் தட்டுகிறவனைப் பார்த்து, உள்ளே எடுக்கலாமா கூடாதா என்று எல்லா ஊரிலும் வீட்டுக்காரர் ஒரு தரம் யோசித்துத்தான் இருக்கிறார்கள்.

ஆக, மூன்று பாஷையிலும் நான் ஒரே ஆளைத்தான் எழுதியிருக்கிறேன். முன்பின் தெரியாத, புதிதாக வந்து நிற்கிற ஆள். கடவுச்சீட்டைப் பற்றி ஒரு வரியிலும் ஒன்றும் இல்லை.

‘விடுதி’ என்ற சொல்லுக்கு நம்முடைய ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. ஆசுபத்திரி வார்ட்டுக்கும் நாங்கள் விடுதி என்றுதான் எழுதுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்குவதும் விடுதி, டொக்டரின் குவார்ட்டசும் விடுதி. ஒரு தரம் கல்லடியில் நான் ‘விருந்தினர் விடுதி’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு வயசான அம்மா ஏணிக்குக் கீழே வந்து நின்று, “இது எத்தினையாம் விடுதி மகன், ஆம்புளையளுக்கா பொம்புளையளுக்கா?” என்று கேட்டார். ஹோட்டலும் அப்படித்தானே. வெளிநாட்டுக்காரன் ‘ஹோட்டல்’ என்று கேட்டால் நம்முடைய ஆட்டோ அவனைக் கொத்துரொட்டிக் கடையில் கொண்டுபோய் இறக்கும்.

அதற்கு முன்னே நம்மிடம் ‘வாடிவீடு’ இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ரெஸ்ட் ஹவுஸுக்குத் தமிழில் அந்தப் பெயர்தான். கரைவலை இழுக்கிற மீன்பிடிகாரர் கடற்கரையில் போடுகிற கொட்டிலான வாடியும் அதே சொல்தான். அரசாங்க உத்தியோகத்தர் கடமையில் வந்தால் வாடிவீட்டில் முதல் இடம் அவருக்கு, மற்றவர்களுக்கு மிச்சம். அதாவது அது ஒருநாளும் எல்லோருக்கும் என்று சொல்லிக்கொண்டதில்லை, பெயரிலும் விருந்து இல்லை. லொட்ஜ் என்று சில காலம் எழுதினேன். ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்று ஆட்கள் மளமளவென்று கேட்டு வந்தது 2004 சுனாமிக்குப் பிறகு. என்.ஜி.ஓ. வாகனங்கள் ஊர் முழுக்க ஓடின. வெளிநாட்டு உத்தியோகத்தர் தங்குவதற்கு வீடுகளை வாடகைக்கு எடுத்து, கேற்றில் சின்னதாக ஒரு பலகை போடுவார்கள். அந்த வீடுகளில் நமக்கு அலுவல் இல்லை, நாமும் கேட்டுப் போகவில்லை. யுத்தம் முடிந்தது, பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழும்பின, சின்னச் சின்ன வீடுகளும் அதே சொல்லை மாட்டிக்கொண்டன. வெளிநாட்டவர் தங்கும் வீடு என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே சொல்லோடு ஒட்டிவிட்டது என்று நினைக்கிறேன். எழுதினவன் நான், எனக்கும் பங்கு உண்டு.

ஒட்டியது என்றதும் இன்னொன்று. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் காலம் காலமாகச் சொல்வார்கள். மந்திரம், மருந்து என்று அவர்கள் பயப்பட்டது ஒரு பக்கம். வந்தவரை வாழையிலையும் தயிருமாக உட்காரவைத்து எழும்பவிடாத உபசரிப்பைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று நம்முடைய ஆட்கள் மீசையை முறுக்குவது இன்னொரு பக்கம். எது உண்மையோ, பாய் ஒன்று போடப்பட்டது உண்மைதானே! இன்றைக்கும் கதிர்காமப் பாதயாத்திரை வடக்கே செல்வச்சந்நிதியில் தொடங்கி வெருகல், மாமாங்கம், திருக்கோவில், உகந்தை என்று இறங்கி வரும்போது, ஊர் ஊராகக் கோயில் மண்டபத்திலும் வீட்டு விறாந்தையிலும் படுக்க இடம் கொடுக்கிறார்கள். அங்கே கல்யாண எழுத்து யாரும் கேட்பதில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாததில்லை. பெயின்ட் காயும் வரைக்கும் உங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக் கேட்ட கதைகள்தான். இரண்டு பேருக்கு என்று அறை எடுத்துவிட்டு வேனில் பதினொரு பேர் வந்து இறங்குவார்கள். அறைக்குள் காஸ் குக்கர் வைத்துச் சோறு வடிப்பார்கள். கலியாண வீட்டுக்கு வந்த பெடியன்கள் குடிவெறியில் கைகழுவும் தொட்டியைப் பிடுங்கிப்போட்டதை நானே கண்ணால் பார்த்தேன். வெற்றிலைத் துப்பல் பட்ட தலையணை உறையை ஓர் அக்கா என்னிடம் எடுத்துக் காட்டி, இந்தக் கறைக்கு மேலே பெயின்ட்தான் அடிக்க வேண்டும் என்றார். பிறகு ஊர் வாய். ஓர் உள்ளூர் ஆணும் பெண்ணும் கேற்றுக்குள் போனால், விடியமுன்னம் அந்த வீட்டுக்கு ஒரு பெயர் வந்துவிடும். ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுகிற ஊர் இது. அந்த இழுப்புக்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை, நாங்கள்தான் இழுக்கிறோம். காசுக் கணக்கும் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்ட பிறகு, ரூபாவில் விலை கேட்கிறவனைப் பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும்.

சரி, இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் நடத்தையைப் பற்றிய பயம். அதற்கு ஊரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து என்ன செய்வது? வெறியும் சத்தமும் வெள்ளைக்காரனிடம் இல்லையா? அலைச் சறுக்கு சீசனில் அறுகம்பையில் இரவு ஒரு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முற்பணம் வாங்குங்கள், அடையாள அட்டையைப் பதியுங்கள், அறைக்கு எத்தனை பேர் என்று எழுதி ஒட்டுங்கள், உடைத்தால் காசு என்று சொல்லுங்கள், பத்து மணிக்குக் கேற்றைப் பூட்டுங்கள். யாரும் கோபிக்கமாட்டோம். அந்தப் பொத்துவில் நானா இதைத்தான் ஒரு 80 பக்கக் கொப்பியை வைத்துக்கொண்டு செய்கிறார்.

முகத்தைப் பார்த்து என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என் மச்சானின் மகன் லண்டனில் பிறந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஊர் பார்க்க வந்தான். ஓரிடத்தில் அவன் வாயைத் திறக்கும் முன்பே அறை இல்லை என்றார்கள். அடுத்த இடத்தில் இவன் புத்திசாலித்தனமாக முதலில் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். கடல் பார்த்த அறை, வெல்கம் ட்ரிங்க், எல்லாம். அவனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு, ஒரே நிறம். “மாமா, நான் எப்ப வெள்ளைக்காரன் ஆனேன்?” என்று கேட்டான். என்ன சொல்ல?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சேரிடம் கேட்டேன். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் மூன்றாவது பந்தியைக் காட்டினார். இனம், மதம், மொழி, சாதி, பால் என்று எதையும் காரணம் காட்டி ஒருவரைக் கடைகள், பொது உணவுச்சாலைகள், ஹோட்டல்கள் போன்ற இடங்களில் தடை செய்யவோ நிபந்தனை போடவோ கூடாது. ஹோட்டல் என்றே அதில் எழுதியிருக்கிறது. ‘நாங்கள் இனம் பார்க்கவில்லை, பாஸ்போர்ட்தான் பார்க்கிறோம், நாடு என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை’ என்று ஒரு சட்டத்தரணி எழும்பி வாதாடலாம்தான். என் மச்சானின் மகனை அந்த முதல் இடத்துக்கு இன்னொரு தரம் அனுப்பிவிட்டு அந்த வாதத்தைக் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வந்த அதிகாரசபை, ஹோட்டல், விருந்தினர் விடுதி, பங்களா, ஹோம் ஸ்டே என்று வகை வகையாகப் பதிகிறது. வெள்ளைக்காரர் விடுதி என்று ஒரு வகையை நான் அதில் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்தலாமா? 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு ஒரு வெளிநாட்டவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அது தெளியும் முன்னே கொரோனா. 2020 மார்ச்சில் விமான நிலையத்தை மூடினார்கள், சுற்றுலாவுக்கு மறுபடி திறந்தது அடுத்த வருஷம் ஜனவரியில். அந்த இடைவெளியில் உங்களில் மூன்று பேர் எனக்குப் போன் எடுத்தீர்கள். ‘உள்ளூர் விருந்தினருக்கு விசேட கழிவு’ என்று எழுதித் தரக் கேட்டீர்கள். எழுதித் தந்தேன், ஒருவர் இன்னும் பாதிக் காசு தரவேண்டும், அது போகட்டும். அப்போது நாங்கள் விருந்தினர்தான். சனம் வந்தது, தங்கியது, உங்கள் கரண்ட் பில்லைக் கட்டியது. இப்போது அந்தத் தகரங்கள் எங்கே? ஒன்றை நான் கோழிக்கூட்டுக் கூரையில் பார்த்தேன். ‘உள்ளூர் விருந்தினருக்கு’ என்ற வரி மட்டும் வெளியே தெரிந்தது.

யாருக்காக இதைக் கேட்கிறேன் என்றால், எங்களைப் போல ஒரு ராத்திரி அகப்பட்டவர்களுக்காக மட்டும் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வாசலில் விடியக்காலை ஐந்து மணிக்கு ஒரு தரம் போய் நின்று பாருங்கள். வாகரையிலிருந்தும் பாணமையிலிருந்தும் ஆளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்துவிட்டு, கூட வந்தவர் படுக்க இடமில்லாமல் துவாயை விரித்துச் சுவரோரம் இருப்பார். நோயாளிக்கு விடுதி உண்டு, கூட வந்தவருக்கு இல்லை. நடந்து போகிற தூரத்தில் உங்கள் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், நவம்பர், டிசம்பர் மாரியில் வெளிநாட்டவர் எங்கே இந்தக் கரைக்கு வரப்போகிறார்? அவரிடம் 2,000 ரூபா இருக்கும், உங்களிடம் பெட்சீட் இருக்கும். சேர் சொன்ன அந்தப் பழைய சொல்லுக்கு, முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு, இவரை விடப் பொருத்தமான ஆள் யார்?

ஆகவே, என் பக்கத்திலிருந்து ஒரு ஏற்பாடு. வெளிநாட்டவரை மட்டும்தான் எடுப்பேன் என்று நிற்கிறவர்கள் சொல்லி அனுப்புங்கள். நான் ஏணியோடு வந்து, என் சொந்த எனாமலில், ஒரு சதமும் வாங்காமல் ‘விருந்தினர்’ என்ற ஆறு எழுத்தையும் அழித்துவிட்டு வருகிறேன். ‘வெளிநாட்டவர் தங்குமிடம்’ என்று எழுதவேண்டுமானால் அதற்கு மட்டும் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. யார் வந்தாலும் எடுப்பேன் என்கிறவர்களுக்கு மங்கிய எழுத்தெல்லாம் புதிதாக்கித் தருகிறேன், அதுவும் சும்மா, சாப்பாடு தந்தால் போதும். பலகையில் வேறு ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை, இருக்கிற மூன்று வரியும் போதும்.

அறுகம்பையில் இருக்கிற அந்த முதலாளிக்குத் தனியாக ஒரு வரி. வருகிற ஆடியிலும் நாங்கள் உகந்தைக்குப் போகிறோம். தீர்த்தத்தன்று இரவு இரண்டு பேருக்கு ஓர் அறை வேண்டும், முற்பணம் இப்போதே அனுப்பலாம். கல்யாண எழுத்தைத் தேடி எடுத்து லெமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். மனைவி மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாயும் கட்டிக்கொண்டு வருவாளாம்.

இப்படிக்கு,
போர்ட் எழுதுகிறவன்,
கல்லடி.